குளத்துக்கு மொட்டை போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். ஊர்க் குளத்தைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். ஹிட்டாச்சி வண்டிக்கு மணிக் கணக்கில் வாடகை பேசி, முன்பணமும் கொடுத்தாயிற்று. என்னிடம் நன்கொடை கேட்டார்கள்.

நல்ல பிள்ளைகள். ஒருவனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறைக்கு வந்தவன் சினிமா, கன்னியாகுமரி என்று சுற்றாமல் குளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் தாத்தாவும் நானும் நீச்சல் பழகியது அந்தக் குளத்தில்தான்.

"தாமரையை என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் வேரோட வாரிக் கரையில போட்டிருவோம் பாட்டா. பொறவு வந்து பாருங்க, கொளம் கண்ணாடி மாதிரி கெடக்கும்."

நான் ரசீது எழுதச் சொல்லவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க மக்கா" என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் போனதும் வீட்டுக்காரி கேட்டாள், "நல்ல காரியத்துக்குத்தானே கேக்கான், குடுத்தா என்ன?" என்று. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஒரு குளம், சில ஊருக்கு நாலு குளம் இருப்பதால் இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குளத்துச் செடியைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. எங்கள் குளத்தில் தாமரை இன்று கரைக்குக் கரை மூடிக் கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் இறங்கிக் கை வைக்கவில்லை. துறையில் குளிக்க இறங்கினால் தண்டு காலைச் சுற்றுகிறது. மடை வாயில் அழுகின இலை அடைத்துக்கொண்டு, வயலுக்குப் போகும் தண்ணீர் சன்னமாக வடிகிறது. இதை இப்படியே விடக்கூடாது.

ஆனால் குறைப்பது வேறு, வழிப்பது வேறு. தலைமுடி வளர்ந்தால் மாதம் ஒருமுறை வெட்டிக்கொள்கிறோம். பத்து வருஷம் சீப்பே வைக்காமல் விட்டுவிட்டு, ஒருநாள் தோலோடு உரித்து எடுப்பதற்கு முடிவெட்டு என்று யாராவது பேர் வைப்பார்களா? நம் ஊர்களில் இன்று 'குளம் தூய்மைப் பணி' என்று பேனர் கட்டிச் செய்வது பெரும்பாலும் அதைத்தான்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1963 வாக்கில், இந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பேச்சிப்பாறைத் தண்ணீரை மாசி மாதத்தோடு அடைத்துவிடுவார்கள். ஜூன் தொடக்கத்தில்தான் மறுபடி திறப்பார்கள். கும்பப்பூ அறுப்பு முடிந்து, பங்குனி பாதியில் குளத்துத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும். அப்போது எங்கள் ஊரில் ஒரு பெரியவர், அவரை நாங்கள் குளத்துப் பாட்டா என்போம், ஐந்தாறு ஆட்களோடு அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்குவார். அவருக்கு அளவு நாடா கிடையாது. கரையில் நிற்கும் பனைகளை அடையாளம் வைத்துக் குளத்தை மூன்று பங்காகப் பிரிப்பார். இந்த வருஷம் வடக்குப் பங்கு, அடுத்த வருஷம் நடுப்பங்கு, அதற்கடுத்த வருஷம் தெற்கு. ஒரு வருஷத்தில் ஒரு பங்கைத்தான் தொடுவார். அந்தப் பங்கிலும் மொத்தத்தையும் எடுக்க மாட்டார். பாய் விரித்த மாதிரி அங்கங்கே விட்டுவைப்பார். துறை, மடை, மறுகால் இந்த மூன்று இடத்தை மட்டும் வருஷா வருஷம் முழுக்கச் சுத்தமாக்குவார்.

கடவத்தில் கிழங்கு சுமப்பது பிள்ளைகளின் வேலை. ஒருநாள் நானும் கிழங்கு எடுக்கிறேன் என்று சேற்றில் கையை விட்டுத் துழாவினேன். "கையால தேடாத மக்கா, காலால தேடு. கை பிடிச்சு இழுக்கும், கால் தடவித்தான் பாக்கும்" என்றார். அன்றைக்கு அது விளங்கவில்லை. இழுத்தால் தாமரைக் கிழங்கு கணுவில் முறியும். முறிந்த இடத்தில் சேறும் தண்ணீரும் ஏறி அழுகும். காலால் தடவிக் கிழங்கு எந்தத் திசையில் ஓடுகிறது, அதன் கொழுந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும்.

எடுத்த கிழங்கில் கொஞ்சம் அடுக்களைக்குப் போகும். மிச்சம் பக்கத்து ஊர்களுக்கு. சைக்கிளில் ஈரச் சாக்கோடு வருவார்கள். தாமரையைக் கொண்டு போகிறவர்கள் தங்கள் குளத்து அல்லிக் கிழங்கைக் கொண்டுவந்து தருவார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி. எங்கள் குளத்து மேற்குக் கரையோர அல்லி அப்படி வந்ததுதான். ஓர் ஊரில் கோடையில் குளம் வெடித்துச் செடி அழிந்துபோனால், அடுத்த ஊரிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். களை எடுப்பதும் நடுவதும் ஒரே வேலையின் இரண்டு கைகளாக இருந்தன. இன்றைக்கு எடுக்கிற கை மட்டும் ராட்சதக் கையாக வளர்ந்திருக்கிறது. நடுகிற கை சூம்பிப் போயிற்று.

இப்போது என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஓவர்சியராக முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தது குளமும் கால்வாயும் சார்ந்த வேலைதான். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எஸ்டிமேட்டில் 'களை அகற்றுதல், இத்தனை சதுர மீட்டர்' என்று ஒரு வரி வரும். அந்த வரியில் தாமரையும் களை, அல்லியும் களை, வெங்காயத்தாமரையும் களை. எல்லாவற்றுக்கும் ஒரே ரேட். விட்டுவைத்த செடிக்கு எம்.புக்கில் இடம் கிடையாது, எடுத்ததற்குத்தான் பில். எவ்வளவு அதிகம் எடுக்கிறானோ அவ்வளவு பணம் என்றால், எந்தக் காண்டிராக்டர் பாயளவு விட்டுவைப்பான்? நானும் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. குளத்துப் பாட்டாவிடம் பாடம் கேட்ட அதே ஆள்தான் அளவெடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருஷம் முன்பு ஒரு குளத்தை அப்படி வழித்தோம். பழைய தாமரைக் குளம். பதினோரு நாளில் வேலை முடிந்தது. படம் எடுத்தார்கள், பத்திரிகையில் வந்தது. அந்த வருஷ மழையில் குளம் நிரம்பியபோது நிஜமாகவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. அடுத்த கோடையில் தண்ணீர் பச்சைப் பாசிக் குழம்பாயிற்று. ஒரு விடியற்காலையில் மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. அதற்கடுத்த மழைக்கு மேலேயிருந்து ஓடை வழியாக வெங்காயத்தாமரை நாலைந்து கொத்து வந்தது. மறு வருஷம் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மூடிவிட்டது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வயலில் நின்ற ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டு கேட்டார்: "தாமரைய எடுத்தீரு, சரி. இத எப்பம் எடுக்கப் போறீரு?" பதில் சொல்ல முடியவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். நம் குளங்களுக்கு இப்போது வெறும் மழைத் தண்ணீர் மட்டும் வருவதில்லை. வயலில் போட்ட உரம் கரைந்து வருகிறது, வீட்டுச் சாக்கடையும் வந்து சேர்கிறது. அந்தச் சத்தை யாராவது தின்றாக வேண்டும். தாமரையும் அல்லியும் சேற்றில் வேர் விட்டுத் தின்றுகொண்டிருந்தன. அகன்ற இலையால் வெயிலையும் மறைத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்துவிட்டால், கெட்டியான சத்துத் தண்ணீரும் முழு வெயிலும் பாசிக்கு விருந்து. பகலில் பாசி காற்றை விடும்; இரவில் அதுவே தண்ணீரில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் மீன் விடியற்காலையில் சாகிறது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

காலியான வீட்டில் யார் வேண்டுமானாலும் குடியேறுவான். அப்படி வந்தவன்தான் வெங்காயத்தாமரை. தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. அங்கே ஆறும் வயலும் அடைபட்டு, 1936இல் அதை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று. தோதான இடத்தில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். அதன் விதை சேற்றில் பதினைந்து, இருபது வருஷம் உயிரோடு கிடக்கும். பெயரில் தாமரை இருப்பதால் வந்த வினை ஒன்று உண்டு. பையன்களிடம் பேசியபோது கவனித்தேன்: அவர்களுக்கு நம் தாமரையும் வெங்காயத்தாமரையும் ஒன்று, இரண்டுமே 'குளத்தை மூடுகிற தாமரை'. ஒன்று சேற்றில் வேரூன்றி இருந்த இடத்தில் நிற்பது, மற்றது ஊதின தண்டோடு மிதந்து ஊர் ஊராகப் போவது என்று அவர்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. அது அவர்கள் தவறா, நம் தவறா?

"விதை சேற்றில் கிடக்குமே, தாமரை தானாக வந்துவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. தாமரை விதைக்கு ஆயுசு கெட்டி என்பது உண்மைதான். சீனாவில் வறண்டுபோன ஓர் ஏரிப் படுகையில் கிடைத்த, ஏறத்தாழ 1300 வருஷப் பழமையான விதையை முளைக்கவைத்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் விதை இருக்கிற சேற்றை நாம் விட்டுவைத்தால்தானே? இயந்திரம் சேற்றை வாரி லாரியில் ஏற்றிவிடுகிறது. தப்பித் தவறி அதற்கும் கீழே போய்விட்டால், தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருந்த களிமண் படிவமும் கிழிந்துபோகிறது. அதன் பிறகு சித்திரை வரை நின்ற தண்ணீர் மாசியிலேயே வற்றும். 'தூர் வாரினோம், ஆனாலும் தண்ணீர் நிற்கவில்லை' என்று சொல்லும் ஊர்கள் எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

என்னோடு சண்டைக்கு வரக்கூடிய இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, விவசாயிகள். "பூக்காரனுக்குக் குளத்தைக் குத்தகைக்கு விட்டீங்க. அவன் கரைக்குக் கரை தாமரை போட்டுட்டான். மடையைத் திறந்தா தண்ணி வரல. உமக்குப் பூ பெரிசா, நெல்லு பெரிசா?" நியாயமான கேள்வி. பாசனக் குளம் பாசனத்துக்குத்தான். அதை முழுக்கப் பூந்தோட்டமாக மாற்றியது தவறு. தோவாளைச் சந்தைக்குப் போகும் பூவில் நாலு பேர் பிழைக்கிறார்கள் என்பதற்காக நாற்பது பேரின் வயல் காயக்கூடாது. ஆனால் அதற்கு மருந்து அளவு வைப்பது. பாதிக் குளத்துக்கு மேல் இலை போகக்கூடாது, மடையிலிருந்து நடுக்குளம் வரை ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குத் தண்ணீர் தெரிய வேண்டும், தவறினால் குத்தகை ரத்து என்று பத்திரத்தில் எழுதலாமே. குத்தகைக்காரனே வருஷா வருஷம் ஆளைவிட்டுக் குறைப்பான். அவனுக்குத்தான் அந்த வேலை தெரியும்.

மற்றொன்று, "இயற்கையைத் தொடாதே" என்பவர்கள். என்னோடு காலையில் நடக்க வருபவர்களில் இரண்டு பேர் பறவைப் படம் எடுப்பவர்கள். சுசீந்திரம், தேரூர்க் குளங்களையும் வேம்பனூரையும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்த்ததில் அவர்களுக்கு இருந்த பெருமை எனக்கும் உண்டு. தாமரை இலை மேல் நீண்ட விரல்களால் ஓடும் இலைக்கோழியையும், அது மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிட்டு, ஆண் பறவை அடைகாப்பதையும் அவர்கள் காட்டித்தான் பார்த்தேன். ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி தொடாமலே விட்டால், இலையும் தண்டும் மட்கி மட்கிக் குளம் ஆழம் குறையும். நடுவில் தண்ணீர் தெரியாத குளத்தில் முக்குளிப்பான் எங்கே முங்கும்? குளமே மனிதன் வெட்டியது. வெட்டியவன் தொடத்தான் வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கொசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. செடி இருந்தால் கொசு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறார்கள். வெங்காயத்தாமரை, ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் செடிகளின் தொங்கும் வேரைக் குத்திக் காற்று உறிஞ்சி வளரும் ஒருவகைக் கொசு உண்டு. கேரளத்தில் சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் நோயைப் பரப்பியது அந்த வகைதான். ஆகவே மிதக்கும் செடி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்பதில் நான் யாரைவிடவும் கடுமையானவன். செடிகளுக்கு நடுவே தண்ணீர் திறந்து, மீன் உள்ளே போய் வர வழி இருந்தால் புழுவை மீன் பார்த்துக்கொள்ளும்.

சரி, குறைப்பது எப்படி? வாய் பேசினால் போதாது என்பதால், பார்த்ததையும் பிற்பாடு செய்து கற்றதையும் சொல்கிறேன்.

பங்குனி, சித்திரையில் தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்பு வரை இருக்கும்போது இறங்க வேண்டும். முதலில் துறை, மடை, மறுகால் மூன்றையும் திறக்க வேண்டும். பிறகு அந்த வருஷத்துப் பங்கு. எடுக்கிற இடத்தில் கிழங்கோடு எடுக்க வேண்டும்; விடுகிற இடத்தில் இலையைக்கூடத் தொடக்கூடாது. இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். தோணியில் போய் எல்லாத் தண்டையும் தண்ணீருக்கு அடியில் அரிந்துவிட்டு, "கிழங்கு இருக்கு, தழைச்சிரும்" என்பார்கள். தாமரைத் தண்டை முறித்துப் பார்த்திருப்பீர்கள், உள்ளே குழல் குழலாக ஓட்டை. சின்ன வயதில் அதில் ஊதித் தண்ணீரில் குமிழி விட்டிருப்போம். சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்கு மூச்சு அந்தக் குழல் வழியாகத்தான் போகிறது. எல்லாத் தண்டையும் தண்ணீருக்கடியில் வெட்டினால் மூக்கை அடைத்துத் தண்ணீரில் அமுக்கிய கதைதான்; கிழங்கு அழுகிவிடும்.

எடுத்ததை நடுவதற்கு: இரண்டு மூன்று கணு உள்ள துண்டு வேண்டும். நுனிக் கொழுந்து முறியாமல் இருக்க வேண்டும். அந்தக் கொழுந்து முள்ளங்கி மாதிரி படக்கென்று ஒடியும். ஒடிந்தால் அந்தத் துண்டு அடுக்களைக்குத்தான். ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் படாமல், அன்றைக்கே கொண்டு போய்விட வேண்டும். புதுக் குளத்தில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தண்ணீர் நிற்கும் கரையோரமாகப் பார்த்து, கிழங்கைப் படுக்கை வாக்கில் கொஞ்சம் சாய்த்து, கொழுந்து மேலே பார்க்கச் சேற்றில் வைக்க வேண்டும். மிதந்து போகாமல் இருக்க ஓட்டுத்துண்டு ஒன்றை மேலே வைக்கலாம், கொழுந்தின் மேல் படாமல். ஆழத்தில் வீசி எறிந்தால் வராது. முதல் இலை தண்ணீர் மேலே வந்து மூச்சு விட்ட பிறகு, ஆழத்துக்கு அது தானே நடந்து போகும். ஒரு பருவத்தில் பத்தடிக்கு மேல் ஓடக்கூடிய செடி அது.

அல்லிக்கு முறை வேறு. அதன் கிழங்கு தாமரை மாதிரி நீள ஓடாது, குத்தாக நிற்கும். பழைய அடிப்பாகத்தை வெட்டிக் கழித்துவிட்டு, குருத்து உள்ள தலைப்பாகத்தை நட வேண்டும். குருத்தைச் சேற்றில் புதைத்துவிடக்கூடாது. சேற்று மட்டத்துக்கு வெளியே தெரிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் ஒவ்வொரு கிழங்கையும் மூன்று தண்ணீரில் அலசுங்கள். வெங்காயத்தாமரையின் ஒரு சிறு கொத்து ஒட்டிக்கொண்டு போனால் போதும், நாம் சீதனத்தோடு சேர்த்து வியாதியையும் அனுப்பிவைத்தவர்கள் ஆவோம். இயந்திரத்தின் மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டும் இதுதான். அது நேற்று வேலை செய்த குளத்தின் சேற்றைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு இன்று நம் குளத்தில் இறங்குகிறது. அதைக் கழுவச் சொல்லி நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

எடுத்துப் போட்ட தாமரை, அல்லியை ஓர் இரவு தண்ணீர் விளிம்பிலேயே விட்டால், அதில் ஒட்டிக்கொண்ட நத்தையும் மீன்குஞ்சும் திரும்பப் போய்ச் சேரும். மறுநாள் தென்னை மூட்டுக்கு உரமாகக் கொண்டு போகலாம். வெங்காயத்தாமரையை மட்டும் உடனே கரைக்கு அந்தப்புறம் கொண்டு போய்க் காயவைக்க வேண்டும், பூத்து விதை விடுவதற்கு முன்னால். கரையிலேயே குவித்துவைத்தால் முதல் மழையில் அது குளத்துக்குள் மறுவீடு வந்துவிடும்.

ஔவையாரின் மூதுரையில் உறவைப் பற்றிய பாட்டொன்று பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். வற்றின குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளை உறவில்லை என்றும், குளத்தோடு சேர்ந்து காயும் கொட்டி, ஆம்பல், நெய்தலை உறவு என்றும் சொல்லும் பாட்டு. பாட்டு நமக்குத் தெரியும். கொட்டி எது என்று பேரனுக்குக் காட்ட எத்தனை பேரால் முடியும்? எங்கள் குளத்துக் கிழக்கு மூலையில் சிறுவயதில் கொட்டிக்கிழங்கு பிடுங்கி அவித்துத் தின்றிருக்கிறேன். பெரிய செடியே இல்லை, யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. எந்த வருஷத் தூய்மைப் பணியில் அது போனது என்று எனக்கே தெரியாது. உறவு என்று பாடத்தில் படித்ததை எம்.புக்கில் களை என்று எழுதிய தலைமுறை நாங்கள்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை பையன்கள் திரும்ப வந்தார்கள். ரசீது எழுதுவதற்கு முன் குளத்துக்குப் போவோம் என்று அழைத்துப் போனேன். மூட்டு வலியோடு படியில் உட்கார்ந்துகொண்டு, அவர்களை ஒவ்வொருவராக இறங்கச் சொன்னேன். "கையால தேடாத, காலால தேடு" என்றேன். பெங்களூர்க்காரன் கால்மணி நேரம் தடவி, மூன்று கணுவோடு கொழுந்து முறியாமல் ஒன்றை எடுத்து வந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தெற்கு மூலையில் மிதந்து வந்து ஒதுங்கியிருந்த வெங்காயத்தாமரையையும் காட்டினேன். "இது வேற, அது வேற" என்று அவனே மற்றவர்களுக்குச் சொன்னான்.

முடிவு இன்னும் முழுசாக ஆகவில்லை. ஓடையில் மேடிட்ட மண்ணுக்கும், வெங்காயத்தாமரைக்கும், மடைக்கு வெளியே உள்ள வாய்க்காலுக்கும் வண்டி வரட்டும், அதைக் கழுவிவிட்டு இறக்குங்கள் என்றேன். அதற்குச் சம்மதித்துவிட்டார்கள். தாமரையை ஆள் வைத்து ஒரு பங்கு மட்டும் எடுப்பதில்தான் தகராறு. "ஒரே நாள்ல முடியிறத மூணு வருஷம் இழுக்கணுமா பாட்டா?" என்கிறான் ஒருவன். ஆமாம், மூன்று வருஷம்தான். அது முடிந்ததும் மறுபடி முதல் பங்கிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக்கு வெள்ளை அடித்தால் அதோடு ஜென்மத்துக்கும் தீர்ந்துவிடுகிறதா? நாலு அரிவாளும் ஆறு ஆளும் பத்து நாளும் வேண்டிய வேலை. டீசலுக்குப் போகிற பணம் நம் ஊர்க் கூலிக்காரர்களுக்குப் போகட்டும். அதற்கு என்றால் நான் என் ஒரு மாதப் பென்ஷனில் பாதியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிறு கோயில் முன்பு கூட்டம்.

என் வயசுக்காரர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். எந்தக் கரையில் எந்தச் செடி நின்றது, எந்த மாதம் இறங்கினார்கள், எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்பது எந்த ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் கிடையாது. அது நம் தலையில்தான் இருக்கிறது. நாம் போகும்போது அதுவும் போய்விடும். உங்கள் ஊரில் குளத்துக்கு வண்டி வருகிறது என்று கேள்விப்பட்டால் திண்ணையில் உட்கார்ந்து 'அந்தக் காலத்திலே' என்று பெருமூச்சு விடாதீர்கள். ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்குப் போங்கள். பிள்ளைகளைத் திட்டாதீர்கள், அவர்கள் குளத்தை நினைத்ததே பெரிய காரியம். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டிவிட்டு வாருங்கள். வண்டி இறங்குவதற்கு முன்னால் போங்கள். இறங்கின பிறகு போய்ப் பிரயோஜனம் இல்லை.